மியூசியத்தின் பின்கட்டு: அந்தப் பழைய ஜாடிகள் இன்னும் எதற்கு?

கேள்வி, ஜனவரி 18, காலை

காணும் பொங்கலுக்குக் குழந்தைகளோடு எழும்பூர் மியூசியம் போய்வந்தோம். திமிங்கல எலும்புக்கூடு பிரமாதம். ஆனால் நிறம் வெளுத்த பறவைகளும், மஞ்சள் தண்ணீரில் மிதக்கும் மீன்களும் இன்னும் எதற்கு? எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பெரிய திரையில் ஓட்டிவிட்டு, உருப்படிகளை அப்புறப்படுத்தினால் இடமாவது மிஞ்சும். வம்புக்குக் கேட்கவில்லை. விலங்கியல் மியூசியத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஜனவரி 18, இரவு

நான் பார்த்தவன். எழும்பூரில் இல்லை, தெற்கே ஒரு கல்லூரியின் விலங்கியல் துறை மியூசியத்தில். முதலில் உதவியாளராக இருந்தேன், பிறகு அந்த அறையின் சாவி முழுக்க என்னிடமே இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளுக்குப் போய்வருகிறேன்.

நீங்கள் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு வீட்டை அளக்கிறீர்கள். கண்ணாடிக்குப் பின்னால் நிற்பது ஒரு மியூசியத்தின் சொத்தில் சிறு துளி. லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்தில் ஏறக்குறைய 8 கோடி மாதிரிகள் இருக்கின்றன. வருகிறவர் பார்வைக்குப் படுவது அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சமெல்லாம் பின்கட்டில், இழுப்பறைகளிலும் ஸ்பிரிட் ஜாடிகளிலும்.

பின்கட்டுப் பறவையைப் பார்த்தால் உங்களுக்கு இன்னும் ஏமாற்றமாக இருக்கும். கிளையில் உட்காராது, கண்ணாடிக் கண்ணும் கிடையாது. இறக்கையை மடக்கி, கண் இருந்த இடத்தில் பஞ்சு வைத்து, மல்லாக்கப் படுத்திருக்கும். காலில் நூல் கட்டி ஒரு லேபிள் தொங்கும். எங்கே, எந்தத் தேதியில், யார் எடுத்தது, ஆணா பெண்ணா, எவ்வளவு எடை. ஆராய்ச்சிக்கு வருகிறவர் பறவையைப் பார்ப்பதற்கு முன் அந்த லேபிளைத்தான் படிப்பார்.

ஜனவரி 19, காலை

ஸ்கேன் விஷயத்துக்கு நேற்று பதில் சொல்லவில்லை.

ஸ்கேன் வேண்டும்தான். உருப்படியைத் தொடாமல் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் பார்க்கலாம். ஆனால் ஸ்கேன் எடுக்கிறவருக்குத் தெரிந்த கேள்விக்கு மட்டும்தான் அது பதில் சொல்லும். இனி வரப்போகிற கேள்விக்கு உருப்படிதான் வேண்டும்.

பிரிட்டனில் 1950-களிலும் 60-களிலும் பெரிக்ரின் வல்லூறுகள் குறைந்துகொண்டே போயின. கூட்டில் முட்டைகள் உடைந்து கிடந்தன. டெரிக் ராட்கிளிஃப் என்பவர் மியூசியங்களிலும் தனியார் பெட்டிகளிலும் இருந்த பழைய முட்டை ஓடுகளை எடுத்து அளந்து, எடை போட்டார். 1940-களின் பிற்பகுதியிலிருந்து ஓடு சட்டென்று மெலிந்திருந்தது. டிடிடி என்ற பூச்சிமருந்து வயலுக்கு வந்த காலம் அது. 1967-ல் கட்டுரை வெளிவந்தது. அந்த முட்டைகளை எடுத்தவர்கள் பூச்சிமருந்தை நினைத்து எடுக்கவில்லை. அழகுக்காக எடுத்தார்கள், ஆசைக்காக எடுத்தார்கள். ஓட்டின் மேலேயே தேதியை எழுதி வைத்ததால் பிழைத்தோம். வெறும் புகைப்படங்கள் இருந்திருந்தால் எதை எடை போடுவது?

ஜனவரி 19, இரவு

லேபிளைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். என் வேலைக்காலம் முழுக்க நான் கட்டிக்காத்தது அதைத்தான்.

மத்திய இந்தியாவில் ஃபாரஸ்ட் ஆவ்லெட் என்று ஒரு சிறு ஆந்தை. 1873-ல் ஹ்யூம் என்ற பறவை ஆராய்ச்சியாளர் பெயர் வைத்தார். உலக மியூசியங்களில் அதன் பாடம் பண்ணிய தோல்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவே உண்டு. கடைசித் தோல் 1914-ல் குஜராத்தின் மாண்ட்வியில் எடுத்தது என்று லேபிள் சொன்னது. எடுத்தவராகப் பெயர் போட்டுக்கொண்டவர் கர்னல் மைனர்ட்ஸ்ஹாகன், அந்தக் காலத்தில் பெரிய பெயர். அந்த லேபிளை நம்பித் தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். பறவை அழிந்துவிட்டது என்று முக்கால்வாசிப் பேர் முடிவுகட்டிவிட்டார்கள்.

1990-களில் பமேலா ராஸ்முசன் என்ற பறவை ஆராய்ச்சியாளர் அந்தத் தோலையே சோதித்தார். அது பாடம் பண்ணியிருந்த விதம் வேறொருவருடைய கை. 1880-களில் ஜேம்ஸ் டேவிட்சன் எடுத்த பறவையை மியூசியத்திலிருந்தே திருடி, பிரித்து மறுபடி பஞ்சு வைத்து, புது லேபிள் கட்டியிருந்தார் கர்னல். பொய் லேபிளைத் தள்ளிவிட்டு மெய்யான பழைய லேபிள்கள் சொன்ன இடங்களுக்குத் தன் கூட்டாளிகளோடு போனார் ராஸ்முசன். 1997 நவம்பரில், மகாராஷ்டிராவின் ஷஹாதா பக்கம், சாத்புரா மலையடிவாரத்தில், பட்டப்பகலில் ஒரு மரத்தில் உட்கார்ந்திருந்தது ஆந்தை! நூறு வருஷத்துக்கு மேலாக ஆராய்ச்சியாளர் கண்ணில் படாத பறவை.

ஒரு பொய்ச்சீட்டு அத்தனை பேரைத் தவறான காட்டில் அலையவிட்டது. அதைக் கண்டுபிடிக்கக்கூட உருப்படி கையில் இருக்க வேண்டியிருந்தது. ஸ்கேன் செய்துவிட்டுத் தூக்கிப் போடச் சொல்கிறவர்கள் இந்தக் கதையை ஒருமுறை முழுசாக யோசித்துப் பார்க்கட்டும்.

ஜனவரி 20

கோலாரிலிருந்து ஒருவர் தனிச்செய்தியில், "எங்கள் ஊர்ப் பக்கம் இப்படி ஏதாவது உண்டா?" என்று கேட்டிருந்தார். உண்டு. ஜெர்டன் கோர்சர், கடப்பா பக்கத்து முள்காட்டுப் பறவை. 1900-க்குப் பிறகு பறவையைப் பார்த்த பதிவே இல்லாமல் 1986-ல் மறுபடி கிடைத்தது. அதன் முட்டை எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது. ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழக மியூசியப் பெட்டி ஒன்றில் ஒரு முட்டை கிடந்தது. கோலார் தங்கவயலில் கால்நடை மருத்துவராக இருந்தவர் 1917-ல் எடுத்தது. பழைய தோல் ஒன்றின் கால்விரலிலிருந்து டிஎன்ஏ எடுத்து ஒப்பிட்டார்கள். சரியாகப் பொருந்தியது. 2013-ல் அறிவித்தார்கள்.

உங்கள் ஊர் முட்டை, ஐயா.

ஜனவரி 21, இரவு

"அங்கே தினமும் என்னதான் வேலை?" என்று கேட்டவருக்கு.

பூச்சியோடு போராடுவது. ஆந்த்ரீனஸ் என்று ஒரு வண்டு, எள்ளளவுதான். அதன் புழு ரோமம் மூடியிருக்கும். பாடம் பண்ணிய தோல், இறகு, காய்ந்த பூச்சி, எதையும் விடாது. ஒரு பட்டாம்பூச்சிப் பெட்டியை மழைக்காலம் முழுக்கத் திறக்காமல் விட்டால், ஊசியும் லேபிளும் அடியில் கொஞ்சம் தூளும் மட்டும் மிஞ்சும். அந்தக் காலத்தில் அந்துருண்டைதான் எங்கள் ஆயுதம். அது பூச்சியை விரட்டுமே தவிர, உள்ளே புகுந்துவிட்டதைத் தீர்த்துக்கட்டாது. அந்த நெடியை நாள் முழுக்க சுவாசிப்பது உடம்புக்கும் கேடு. இப்போது நல்ல மியூசியங்களில் புதிதாக வரும் எதையும் பாலிதீனில் இறுகக் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் உறையவைத்த பிறகே உள்ளே விடுகிறார்கள்.

அடுத்தது ஜாடி. மீனோ தவளையோ முதலில் பத்து சதவீத ஃபார்மலின். கடையில் வாங்கும் ஃபார்மலின் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. சதை இறுகிய பிறகு, நன்றாகத் தண்ணீரில் அலசி, 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்ற வேண்டும். ஃபார்மலினிலேயே விட்டுவிட்டால் நாளாக ஆகப் புளித்து அமிலமாகி எலும்பைக் கரைத்துவிடும். கேள்வி கேட்டவர் பார்த்த மஞ்சள், சதையிலிருந்து இறங்கிய கொழுப்பும் சாயமும். அதனால் மாதிரி கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை.

ஆல்கஹால் தண்ணீரைவிட வேகமாக ஆவியாகும். அதனால் ஜாடியில் மட்டம் குறைந்தால் அளவு மட்டுமல்ல, வீரியமும் குறைந்திருக்கும். வெறுமனே மேலே ஊற்றி நிரப்பினால் போதாது, வீரியத்தை அளக்கும் ஹைட்ரோமீட்டர் போட்டுப் பார்க்க வேண்டும். இதற்கு ரெக்டிஃபைட் ஸ்பிரிட், அதாவது வீரியமான ஆல்கஹால் வேண்டும். தமிழ்நாட்டில் அதை வாங்க மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் வேண்டும், கணக்குப் புத்தகம் வேண்டும். உரிமம் புதுப்பிக்கத் தாமதமான வருஷங்களில் ஜாடிகள் வற்றிப் போவதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்பதைப் போல வேதனை வேறில்லை.

சின்னக் கல்லூரிகளில் ஜாடி ஏது? ஹார்லிக்ஸ் பாட்டில்தான். தேய்த்த கண்ணாடி மூடி போட்ட ஜாடி வந்தால் திருவிழா. மூடி விளிம்பில் வாசலின் தடவி அழுத்தித் திருகினால் ஆவி கசியாது.

ஜனவரி 22

எலும்புக்கூடு எப்படிச் சுத்தம் செய்கிறார்கள் என்று கேள்வி. பெரிய மியூசியங்களில் இதற்கென்றே வண்டு வளர்க்கிறார்கள். டெர்மெஸ்டெஸ் மாகுலாட்டஸ். தோலுரித்து, காயவைத்த உடலை அந்தத் தொட்டிக்குள் வைத்தால் சதையை மட்டும் தின்றுவிட்டு எலும்பை விட்டுவிடும். எலியின் விரல் எலும்புகூட இடம் மாறாது. நான் மேலே திட்டித் தீர்த்த ஆந்த்ரீனஸும் இதுவும் ஒரே குடும்பம். அதனால் வண்டறையைச் சேகரிப்பு அறையிலிருந்து தள்ளியே வைப்பார்கள்.

எங்களுக்கு வண்டுத் தொட்டி இல்லை. மணலில் புதைத்துக் காத்திருப்போம், இல்லையென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் துணி சோப்புத்தூள் போட்டு ஊறவைப்போம். நாற்றத்தைப் பற்றி எழுதினால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள்.

ஜனவரி 24

எழும்பூரை விட்டு ரொம்ப தூரம் வந்துவிட்டேன். அந்த மியூசியம் 1851-ல் தொடங்கியது. முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர், ஒரு டாக்டர். முதலில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் இருந்து, 1854-ல் பாந்தியன் சாலைக்கு வந்தது. பால்ஃபர் அங்கேயே உயிருள்ள மிருகங்களையும் வைத்தார். அதுதான் சென்னை மிருகக்காட்சிசாலையின் ஆரம்பம். பிறகு அது பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985-ல் வண்டலூரில் போய்ச் சேர்ந்தது. சென்னைப் பழைய ஆட்கள் மிருகக்காட்சிசாலையை உயிர் காலேஜ் என்றும் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும் சொல்வார்கள். காணும் பொங்கலுக்கு இரண்டையும் பார்த்துவிட்டுக் கடற்கரைக்குப் போவது குடும்பங்களின் வழக்கம்.

உங்கள் குழந்தைகள் பார்த்த திமிங்கலம் 1874-ல் மங்களூர்ப் பக்கம் கரை ஒதுங்கியது. 18 மீட்டருக்கும் சற்றுக் கூட. ரயிலும் லாரியும் இப்போதுபோல இல்லாத காலத்தில் அவ்வளவு எலும்பையும் மேற்குக் கரையிலிருந்து இங்கே கொண்டுவந்து, ஒவ்வொன்றாக அடுக்கி மாட்டியவர்களை நினைத்துப் பாருங்கள். அந்தக் கூலியாட்கள் பெயர் எந்தப் பலகையிலும் கிடையாது. இருந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஜனவரி 25, மாலை

பிள்ளைகள் பற்றி. இதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி.

பழைய பாடம் பண்ணிய மிருகங்களைத் தொடக்கூடாது என்று போர்டு வைப்பது கெடுபிடிக்காக இல்லை. இருபதாம் நூற்றாண்டிலும் வெகுநாள் தோலுக்கு ஆர்செனிக் சோப்பு தடவினார்கள். பூச்சி வராது. ஆனால் விஷம் தோலிலும் ரோமத்திலும் இன்னும் இருக்கும். அதனால் தொடுவதற்கென்று தனி மேஜை போடுவோம். ஆட்டு மண்டையோடு, மாட்டுப் பல், சங்கு, சிப்பி, சிள்வண்டு கழற்றிப்போட்ட கூடு. "தொடு, முகர்ந்து பார், தலைகீழாகத் திருப்பு" என்று விட்டுவிடுவோம். மண்டையோட்டில் கண்குழி பக்கவாட்டில் இருந்தால் இரையாகும் பிராணி, முன்னால் இருந்தால் வேட்டையாடும் பிராணி என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். நாம் சொல்லவே வேண்டாம்.

எல்லாப் பிள்ளையும் ஒரே கேள்வி கேட்கும்: "இதை யாரு கொன்னாங்க?"

சில ஆசிரியர்கள் இதற்குச் சங்கடப்பட்டு, "தானா செத்துப் போச்சும்மா" என்று மழுப்புவார்கள். எனக்கு அது சம்மதமில்லை. சுட்டது என்றால் சுட்டது என்றுதான் சொல்வேன். நூறு வருஷம் முன்னால் பறவையைத் தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை என்று நினைத்தார்கள், இன்றைக்கு நாம் பைனாகுலரும் கேமராவும் வைத்திருக்கிறோம், இப்போது சேர்ப்பது பெரும்பாலும் வண்டியில் அடிபட்டது, வலையில் சிக்கிச் செத்தது என்று சொல்லுவேன். பிள்ளைகள் அதைத் தாங்கிக்கொள்வார்கள். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள். 2014-ல் யுஜிசி கல்லூரிகளில் பிராணிகளை அறுப்பதை நிறுத்தச் சொன்ன பிறகு, பழைய மாதிரிகளின் அருமை இன்னும் கூடியிருக்கிறது. புதிதாக ஒரு தவளையைக் கொல்லாமல் உள்ளுறுப்பைக் காட்ட அந்த ஜாடிகள்தான் இருக்கின்றன.

இன்னொன்று, அந்துப்பூச்சி ராத்திரி. ஜூலையில் அந்துப்பூச்சி வாரம் கொண்டாடுகிறார்கள். மைதானத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டி விளக்கைப் போட்டால் போதும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் வருகிற கூட்டத்தைப் பார்க்க வேண்டும், பூச்சிக் கூட்டத்தையும் சரி, ஜனக் கூட்டத்தையும் சரி. எதையும் பிடிப்பதில்லை. போட்டோ எடுத்து, இடமும் நேரமும் குறித்து, ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் ஏற்றிவிடுவோம். மறுநாள் பின்கட்டைத் திறந்து, "நேற்று ராத்திரி பார்த்த பூச்சியின் தாத்தா இதோ" என்று பழைய பெட்டியைக் காட்டினால், பூச்சி என்றால் செருப்பை எடுக்கிற பிள்ளைகூடக் குனிந்து பார்க்கும்.

ஜனவரி 27

இரண்டு நாளாக மனதில் ஓடுகிறது. இந்த இழையில் நான் பின்கட்டின் பக்கமே பேசிக்கொண்டிருக்கிறேன். திமிங்கலம் இல்லையென்றால் அந்தப் பிள்ளைகள் வந்தே இருக்க மாட்டார்கள் என்பதையும் சொல்லத்தானே வேண்டும்.

லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்தில் 2017-ல் மத்திய மண்டபத்தின் டைனோசர் வார்ப்பை எடுத்துவிட்டு நீலத் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைத் தொங்கவிட்டார்கள். 25.2 மீட்டர். 1891-ல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்ட் கரையில் ஒதுங்கியது. கூட்டம் பார்ப்பது எலும்பை. ஆனால் அதன் வாயிலிருந்த சல்லடைத் தகடுகளைப் பின்கட்டில் பத்திரமாக வைத்திருந்தார்கள். நகம்போல வளரும் பொருள் அது. துண்டு துண்டாக எடுத்து அதிலுள்ள ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்களை, அளந்து பார்த்ததில் அதன் கடைசி ஏழு வருஷம் தெரிந்தது. எந்தக் கடலில் சுற்றியது, வெப்பக்கடலுக்கு எப்போது இறங்கியது என்பதோடு, ஒருமுறை குட்டி போட்டிருக்கலாம் என்பதுவரை. முன்கட்டும் பின்கட்டும் ஒரே பிராணியில் சேர்ந்தது அங்கேதான்.

அதனால் திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழும்பூர்த் திமிங்கலத்துக்கு எதிரே ஒரு திரை வைத்து, பின்கட்டில் நடப்பதைக் காட்டட்டும். ஜாடிக்கு ஸ்பிரிட் ஊற்றுகிறவரைக் காட்டட்டும், லேபிள் எழுதுகிறவரைக் காட்டட்டும்.

ஜனவரி 30

தீ பற்றிக் கேட்டீர்கள். 2016 ஏப்ரல் 26 அன்று டெல்லியில் தேசிய இயற்கை வரலாற்று மியூசியம் எரிந்தது. 1978-ல் திறந்தது, வாடகைக் கட்டடத்திலேயே இருந்தது. 2018 செப்டம்பர் 2 அன்று ரியோவில் பிரேசிலின் தேசிய மியூசியம். இருநூறு வருஷச் சேகரிப்பு, ஏறக்குறைய 2 கோடி உருப்படி. பூச்சிகள் ஏறக்குறைய முழுக்கப் போயின. ஆனால் முதுகெலும்புள்ளவையும் தாவரச் சேகரிப்பும் வேறு கட்டடத்தில் இருந்ததால் தப்பின. ஸ்பிரிட் ஜாடிகளைத் தனிக் கட்டடத்தில் வை என்று மியூசியக்காரர்கள் கரடியாகக் கத்துவது இதற்குத்தான்.

திருட்டும் உண்டு. 2009-ல் இங்கிலாந்தின் ட்ரிங் ஊரில், லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்தின் பறவைச் சேகரிப்பில் புகுந்து 299 தோல்களை அள்ளிப் போனார் ஒருவர். மீன்பிடித் தூண்டிலுக்கு இறகு கட்டுகிறவர்களிடம் விற்க! பிடிபட்டபோது பல தோல்கள் முழுசாகத் திரும்பின. ஆனால் நிறைய லேபிள்களை அறுத்துப் போட்டிருந்தார். டார்வின் காலத்து இயற்கை ஆராய்ச்சியாளர் வாலஸ் கையால் எடுத்த பறவைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தன.

நம் ஊரில் திருடன் வர வேண்டியதில்லை. ஒரு கல்லூரியில் வெள்ளையடிக்கும்போது பழுப்பேறிய லேபிள்களைக் கிழித்துவிட்டு, பளிச்சென்று புதுத் தாளில் "பாம்பு", "மீன்" என்று டைப் அடித்து ஒட்டியிருந்தார்கள். எல்லாம் ஆய்வுக்குழு வருவதற்கு முன் அழகுபடுத்த. அறுபது, எழுபது வருஷத் தகவல் ஒரே மத்தியானத்தில் குப்பைக்கூடைக்குப் போயிற்று. எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

பிப்ரவரி 2

தூத்துக்குடிக்காரர் எழுதியதைப் படித்தேன். 2016 ஜனவரியில் மணப்பாடு, திருச்செந்தூர்க் கரையில் பைலட் திமிங்கலங்கள் கூட்டமாக ஒதுங்கியதை நேரில் பார்த்தாராம். இதே கரையில் 1973 ஜனவரியிலும் அதே வகைதான் ஒதுங்கியது, 147 என்று அப்போதே எண்ணிப் பதிவு செய்தார்கள். 43 வருஷ இடைவெளியில் அதே மாதம், அதே கரை, அதே பிராணி என்று இன்று நம்மால் பேச முடிவதே அந்தப் பதிவால்தான்.

செத்த திமிங்கலத்தைக் குழிதோண்டிப் புதைப்பது தவிர்க்க முடியாதது, நாற்றமும் நோயும் உண்டு. புதைப்பதற்கு முன் ஒவ்வொன்றிலும் நீளம், ஆணா பெண்ணா, ஒரு சிறு சதைத் துண்டு நல்ல ஆல்கஹாலில். இவ்வளவு எடுத்தால் போதும். ஃபார்மலினில் போடக்கூடாது, டிஎன்ஏ சிதைந்துவிடும். இதற்கு உள்ளூர்க் கல்லூரிகளையும் மீனவர்களையும் முன்கூட்டியே பழக்கி வைக்கலாம். எந்தப் பிராணி எங்கே ஒதுங்கினாலும் முதலில் பார்ப்பது மீனவர்தானே.

பிப்ரவரி 5

இரண்டு பேர் வீட்டுப் பொருள் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்.

தாத்தா சுட்ட புலித்தோல் வைத்திருப்பவருக்கு: மியூசியத்துக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி உடைமைச் சான்றிதழ் இல்லாமல் அதை வைத்திருப்பதும் கைமாற்றுவதும் குற்றம். 2003-ல் அறிவித்துப் பதிவு செய்துகொள்ள 180 நாள் கெடு கொடுத்தார்கள், அது முடிந்துவிட்டது. வீட்டில் பழைய காகிதம் ஏதும் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அதை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு, வனத்துறையிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

பெரியப்பாவின் பட்டாம்பூச்சிப் பெட்டி கிடைத்தவருக்கு: சில பட்டாம்பூச்சிகளும் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் வருகின்றன, அதனால் அருகிலுள்ள பல்கலைக்கழகப் பூச்சியியல் துறையிடம் போட்டோவை முதலில் அனுப்பிக் கேளுங்கள். பெட்டியைத் துடைக்க வேண்டாம். உதிர்ந்த இறக்கையை ஒட்டவும் வேண்டாம். ஊசியில் சின்னக் காகிதம் குத்தியிருந்தால் அதைக் கழற்றவே கூடாது. பெரியப்பாவின் டைரி, கடிதம், பஸ் டிக்கெட் எது இருந்தாலும் பெட்டியோடு சேர்த்து வையுங்கள். எந்த ஊர், எந்த வருஷம் என்று பெரியம்மாவுக்கு நினைவிருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பால்பாயிண்ட் மை நாளடைவில் மங்கும். அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதி, யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது என்பதையும் கீழே குறித்துவிடுங்கள்.